இனவெறியால் பிபி ஏறுமா, இல்லை எல்லாம் என் மனப்பிரமையா?

தூக்கம்கெட்டவன்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாற்பதைத் தாண்டிவிட்டேன். சிகரெட் இல்லை, குடி இல்லை, எடையும் பரவாயில்லை. போன பரிசோதனையில் பிபி அதிகம் என்றார்கள். டாக்டரைப் பார்த்தாலே ஏறுகிற ரகமாக இருக்கலாம் என்று 24 மணிநேரக் கருவி ஒன்றைக் கையில் கட்டி அனுப்பினார்கள். ராத்திரி தூங்கப் போனால் புஸ்ஸென்று ஊதிக் கையை இறுக்கும், அப்புறம் விடும், மறுபடி கண் அசரும் நேரத்தில் இறுக்கும். அறிக்கை வந்தபோது பகல் எண்களைவிட ராத்திரி எண்கள் ஏமாற்றத்தைத்தான் தந்தன, தூக்கத்தில் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவே இல்லையாம். உப்பு எவ்வளவு, நடை உண்டா, அப்பாவுக்கு இதய நோய் உண்டா என்று எல்லாம் கேட்டார்கள். வேலை எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

வேலை இப்படி இருக்கிறது: எங்கள் குழுவில் என் நிறத்தில் நான் ஒருவன்தான். யாரும் திட்டுவதில்லை, அடிப்பதில்லை. வாசலில் நாலு பேர் சேர்ந்து போனால் காவலாளி என்னிடம் மட்டும் அட்டை கேட்பார். கூட்டத்தில் நான் சொல்வது காற்றில் போகும், கொஞ்ச நேரம் கழித்து அதையே இன்னொருவர் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒரு மின்னஞ்சல் அனுப்புவதற்கு முன்னால், இவனுக்கு மொழியே சரியாக வராது என்று சொல்லிவிடுவார்களோ என்று திரும்பத் திரும்பப் படித்துப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்தும் அன்றைக்கு நடந்ததெல்லாம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

நண்பனிடம் சொன்னால் "பிபி எல்லாம் ஜீன்டா, சும்மா எதையாவது இதோடு முடிச்சுப் போடாதே" என்கிறான். இதற்கும் நெஞ்சுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? யாரோ பார்க்கிற பார்வை என் ரத்தக்குழாய்க்குள் எப்படிப் போகும்? "கண்டுக்காதே" என்பதைத் தவிர வேறு ஏதாவது செய்ய முடியுமா?


எண்ணும்_எழுத்தும்:

தொடர்பு உண்டு, ஆராய்ச்சியும் நிறைய உண்டு. பெரும்பாலும் அமெரிக்காவில், அதுவும் கருப்பின மக்களிடையே நடந்தவை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நீங்கள் சொன்ன வாசல் அட்டை சமாச்சாரத்தை அளக்கவே ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 1997இல் டேவிட் வில்லியம்ஸும் அவருடன் வேலை செய்தவர்களும் வெளியிட்டது. உங்களை யாராவது அடித்தார்களா என்று அது ஆரம்பிக்காது. மற்றவர்களைவிடக் குறைந்த மரியாதையோடு நடத்துகிறார்களா, கடையிலோ உணவகத்திலோ உங்களுக்கு மட்டமான சேவை கிடைக்கிறதா, நீங்கள் புத்திசாலி இல்லை என்பதுபோல் நடந்துகொள்கிறார்களா, உங்களைக் கண்டு பயப்படுவதுபோல் நடக்கிறார்களா, இது தினமுமா, மாதத்தில் சில தடவையா, இல்லவே இல்லையா. இப்படித்தான் போகும். சின்னச் சின்ன விஷயங்கள்தான், ஆனால் திரும்பத் திரும்ப வருவதுதான் அங்கே கணக்கு.

உடம்புக்குள் எப்படிப் போகிறது என்றால், ஆபத்து என்று மூளை நினைத்த மாத்திரத்தில் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், ரத்தநாளங்கள் இறுகும். கூடவே கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் வரும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும். துரத்துகிற நாயிடமிருந்து தப்பி ஓட இது அருமையான ஏற்பாடு, கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். தினமும் அடங்காமல் இருந்தால்தான் தொல்லை. நாளத்தின் உள்சுவர் கெட்டிப்படும், உடம்பில் லேசான அழற்சி நிரந்தரமாகத் தங்கும், சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிபி உயர்ந்த இடத்திலேயே நிலைத்துவிடும். இந்தத் தேய்மானத்தை ப்ரூஸ் மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லரும் 1993இல் ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள்.

அதற்கு ஓர் ஆண்டு முன்னாலேயே ஆர்லின் ஜெரோனிமஸ் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்திருந்தார். பிரசவக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு புதிர். வெள்ளையினப் பெண்கள் இருபதுகளில் பெற்ற குழந்தைகள் நன்றாக இருந்தன. கருப்பினப் பெண்களிடம் அப்படி இல்லை, பதின்வயதின் கடைசியில் பெற்ற குழந்தைகளைவிட இருபதுகளில் பெற்றவைதான் சிரமப்பட்டன. இந்தப் பெண்களின் உடல் சீக்கிரமே தேய்கிறது என்றார் அவர், அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டார். 2006இல் அவர் குழு பிபி, கொழுப்பு, சர்க்கரை, அழற்சி என்று பல அளவுகளைச் சேர்த்து மதிப்பெண் போட்டது. தேய்மானம் மிக அதிகம் ஏழைக் கருப்பினப் பெண்களிடம், சரி, எதிர்பார்த்ததுதான். இரண்டாம் இடம் யாருக்கு? ஏழைகள் அல்லாத கருப்பினப் பெண்களுக்கு. அவர்கள் ஏழை வெள்ளையினப் பெண்களையும் முந்தியிருந்தார்கள். காசு வந்தாலும் விடவில்லை என்று அர்த்தம்.

உங்கள் கதையில் எனக்குப் பட்டது மின்னஞ்சலைத் திரும்பத் திரும்பப் படிப்பதுதான். அப்போது யாரும் உங்களை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிவிடுவார்களோ என்று முன்கூட்டியே கவசம் மாட்டுகிறீர்கள். சிகாகோவில் நடந்த ஓர் ஆய்வு, 2014இல் வந்தது, இந்தத் தயார்நிலையைத் தனியாக அளந்தது. வெளியே போகுமுன் என்ன சொல்வார்களோ என்று யோசிப்பது, எப்படித் தெரிய வேண்டும் என்று பார்த்துப் பார்த்து உடுத்துவது, இந்த மாதிரி. அது அதிகமாக இருந்த கருப்பின மக்களிடம் உயர் ரத்த அழுத்தமும் அதிகம் இருந்தது. சம்பவம் ஒரு நிமிடம், காத்திருப்பு நாள் முழுக்க. ராத்திரியில் பிபி பகலைவிட 10 முதல் 20 சதவீதம் வரை இறங்க வேண்டும், இறங்காதவர்களுக்குப் பக்கவாதம், இதய நோய் அபாயம் கூடுதல். அதனால் அந்த அறிக்கையை அலட்சியம் செய்யாதீர்கள்.


கணக்குப்பிள்ளை:

எல்லாம் சரி, ஆனால் ஒரு பட்டை அரைமணிக்கொரு தரம் கையை நெரித்தால் யாருக்குத்தான் பிபி இறங்கும்? முதலில் அதைப் பாருங்கள்.

அப்புறம் இந்தக் கேள்வித்தாள் விவகாரம். மனச்சோர்வில் இருப்பவருக்கு எல்லாமே அவமானமாகப் படும், அவர் அதிக மதிப்பெண் போடுவார், அவருக்கே பிபியும் இருக்கும். எது எதற்குக் காரணம்? ஏழ்மை, உப்பு, தூக்கமின்மை, தொழிற்சாலைப் பக்கம் வீடு, இதெல்லாம் கலந்து கிடக்கிற இடத்தில் இனவெறியை மட்டும் எப்படிப் பிரித்து எடுத்தார்கள்? இனவெறி இல்லை என்று நான் சொல்லவில்லை. அது மோசமானது என்று சொல்ல மாரடைப்பு வேண்டியதில்லை என்கிறேன், அவ்வளவுதான்.


எண்ணும்_எழுத்தும்:

கணக்குப்பிள்ளை சார், நியாயமான கேள்வி. முதலில் கருவி: தூக்கம் கெட்டால் எண் கெடும், அதனால் இன்னொரு தடவை எடுப்பது நல்லது, ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்தது, யாரிடமும் எதுவும் கேட்காமலே செய்த ஆய்வுகள் உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அரபு மக்கள்மேல் வெறுப்பு பெருகியிருந்த ஆறு மாதத்தில் கலிபோர்னியாவில் பிரசவித்த, அரபுப் பெயர் கொண்ட பெண்களின் பதிவுகளை எடுத்தார்கள். ஓர் ஆண்டு முன்பு அதே மாதங்களோடு ஒப்பிட்டார்கள். எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 34 சதவீதம் கூடியிருந்தது. அதே மாநிலத்தில் மற்ற இனப் பெண்களிடம் அந்த மாற்றம் இல்லை. அந்த அம்மாக்கள் எந்தக் கேள்வித்தாளும் நிரப்பவில்லை, பிறப்புச் சான்றிதழில் இருந்த பெயரும் எடையும் மட்டும்தான்.

2008 மே மாதம் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் போஸ்ட்வில் என்ற சின்ன ஊரில் ஓர் இறைச்சி ஆலையில் குடியேற்றத் துறை சோதனை போட்டு 389 பேரைக் கைது செய்தது. அதற்குப் பிறகு அந்த மாநிலம் முழுக்க லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தாய்மார்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறப்பது 24 சதவீதம் கூடியது. அமெரிக்காவிலேயே பிறந்த, குடியுரிமை உள்ள தாய்மார்களுக்கும் சேர்த்துத்தான். அவர்களை யாரும் நாடு கடத்த முடியாது, ஆனாலும். பிறக்கும்போது எடை குறைந்த குழந்தைகளுக்குப் பின்னாளில் உயர் ரத்த அழுத்தமும் இதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம் என்பது இதை ஆராய்ந்த டேவிட் பார்க்கர் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம், அதனால் இது மகப்பேறு வார்டோடு முடிவதில்லை.

மனநலத்துக்கும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆயுதமில்லாத ஒரு கருப்பினத்தவரைக் காவல்துறை கொன்றால், அதே மாநிலத்தில் வாழும் கருப்பின மக்கள், செத்தவர் யாரென்றே தெரியாதவர்கள், அடுத்த மூன்று மாதங்களில் மனம் சரியில்லாத நாட்கள் கூடியதாகச் சொல்கிறார்கள். வெள்ளையினத்தவரிடம் அந்த ஏற்றம் இல்லை. கொல்லப்பட்டவரிடம் ஆயுதம் இருந்திருந்தால் கருப்பினத்தவரிடமும் இல்லை.

எது முதலில் வந்தது என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்காகத்தான் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கிறார்கள். கருப்பினப் பெண்களை மட்டும் வைத்து 1995இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். வேலை, வீடு, காவல்துறை மூன்றிலும் இனப்பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொன்ன பெண்களுக்கு, சொல்லாதவர்களைவிடப் பின்னால் பக்கவாதம் வரும் அபாயம் 38 சதவீதம் அதிகம் என்று 2023இல் அதிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. அவர்கள் பதில் சொன்ன நேரத்தில் யாருக்கும் பக்கவாதம் வந்திருக்கவில்லை.

தூக்கம்கெட்டவனின் நண்பருக்கு: ஜீன் என்றால் அது எங்கே போனாலும் கூடவே வர வேண்டும். ரிச்சர்ட் கூப்பர் குழு 1997இல் ஒரே ஆப்பிரிக்க வம்சாவளி மக்களை மூன்று இடங்களில் அளந்தது. உயர் ரத்த அழுத்தம் மேற்கு ஆப்பிரிக்காவில் 16 சதவீதம், கரீபியனில் 26, அமெரிக்காவில் 33. எல்லாமே இனவெறியால் என்று நான் சொல்ல மாட்டேன், உணவும் எடையும் இதில் பெரிய பங்கு. ஆனால் "அவங்க ரத்தமே அப்படி" என்ற பேச்சு அதோடு முடிந்தது, முடிந்திருக்க வேண்டும்.


இரவுப்பணி:

நான் செவிலியர். படித்ததை அவர் சொல்லிவிட்டார், நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

நெஞ்சுவலியோடு ஒரு அம்மா வந்தார். வியர்த்துக் கொட்டுகிறது, ஆனால் நல்ல உடுப்பு, தலை வாரி, கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் ரொம்ப நேரம் முன்னால் சொல்கிறார். ஏன் உடனே வரவில்லை என்றேன். வீட்டு உடுப்போடு வந்தால் வலிமாத்திரைக்காக நடிக்க வந்த ஆள் என்று நினைப்பார்கள், அதனால் மாற்றிக்கொண்டு வந்தேன் என்றார். அடைப்பு ஏற்பட்ட தசைக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு, அந்த அம்மா நெஞ்சைப் பிளக்கிற வலியோடு அட்டையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் பயந்ததில் தப்பில்லை என்பதுதான் கொடுமை. வர்ஜீனியாவில் 2016இல் வெள்ளையின மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் கேட்டுப் பார்த்தார்கள், கருப்பினத்தவரின் தோல் தடிமன் என்கிற மாதிரியான தப்பான நம்பிக்கைகளில் ஒன்றாவது பாதிப் பேரிடம் இருந்தது. அதிகம் நம்பியவர்கள் கருப்பின நோயாளியின் வலியைக் குறைவாக மதிப்பிட்டார்கள், தந்த சிகிச்சை யோசனையும் பிசகியது.

மனுஷரை விடுங்கள், மெஷினும் அப்படித்தான். விரல் நுனியில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கருவி கருப்பினத்தவரிடம் குறைந்த ஆக்சிஜனைக் கோட்டைவிடுவது வெள்ளையினத்தவரைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று 2020இல், கோவிட் உச்சத்தில் இருந்தபோது, கட்டுரை வந்தது. அதைப் படித்த ராத்திரி நான் வேலையில் இருந்தேன். எண் 95 காட்டுகிறது, ஆள் மூச்சுக்குத் தவிக்கிறார், எதை நம்புவது?

அதனால் இனவெறி மன அழுத்தம் வழியாக மட்டும் இதயத்துக்குப் போவதில்லை. வலியைச் சொன்னால் நம்பாதது, தாமதமாக வருவது, ஒரு தடவை அவமானப்பட்டவர் மறுபரிசோதனைக்கு வராமல் நிற்பது, மாத்திரையைப் பாதியில் விடுவது, இதுவும் ஒரு வழி. குறுக்கு வழி, சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும்.


காதுகொடுப்பவள்:

மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். நெஞ்சைப் பற்றியே பேசுகிறீர்கள், மனசை யாரும் கேட்கவில்லையே என்று எழுதுகிறேன். 2015இல் யின் பராடீஸும் மற்றவர்களும் 293 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், இனவெறியின் தொடர்பு உடல்நலத்தைவிட மனநலத்தோடுதான் வலுவாக இருந்தது. மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை. அங்கிருந்து இதயத்துக்கு ரொம்ப தூரமில்லை.

என்னிடம் வருபவர்களைத் தின்பது, "அது உண்மையிலேயே என் நிறத்துக்காகத்தானா?" என்ற கேள்வி. நேராகத் திட்டினால் கோபப்பட்டுவிட்டுப் போகலாம். அட்டை கேட்ட காவலாளி புதியவராக இருக்கலாம், தலையாட்டியவர்கள் முதலில் கவனிக்காமல் இருந்திருக்கலாம். ஒவ்வொரு தடவையும் நீங்களே வக்கீலாகவும் நீதிபதியாகவும் உட்கார்ந்து விசாரிக்க வேண்டியிருக்கிறது, தீர்ப்பு வருவதே இல்லை. வீட்டில் மண்டைக்குள் ஓடுகிறது என்றீர்களே, அதுதான் இது. ஆண்கள் இதைச் சோகம் என்று சொல்லிக்கொண்டு வருவதும் இல்லை. எரிச்சல், பிள்ளைகள்மேல் சள்ளென்று விழுவது, ஞாயிற்றுக்கிழமை மாலையிலிருந்தே வயிறு பிசைவது, இப்படித்தான் தெரியும்.

விழுங்கிக்கொள்வதைப் பற்றி ஒன்று. நான்சி கிரீகரும் ஸ்டீபன் சிட்னியும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், உழைக்கும் வர்க்கத்துக் கருப்பினத்தவரில் "எனக்குப் பாகுபாடே நடக்கவில்லை, நடந்தாலும் ஏற்றுக்கொள்வேன்" என்றவர்களின் பிபி, "நடந்தது, எதிர்த்துக் கேட்டேன்" என்றவர்களுடையதைவிட அதிகமாக இருந்தது. இன்னொரு பக்கம், பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு மடங்கு உழைத்துக் காட்டுகிறேன் பார் என்பவர்களை எண்பதுகளின் தொடக்கத்திலிருந்தே ஷெர்மன் ஜேம்ஸ் வட கரோலினாவில் ஆராய்ந்தார். கையில் வசதி இருந்தால் அந்த வீம்பு பெரிதாகப் பாதிக்கவில்லை. வசதி இல்லாமல் அப்படி உழைத்தவர்களுக்குத்தான் பிபி ஏறியது. "நீ திறமையைக் காட்டு, எல்லாம் சரியாகிவிடும்" என்று பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்கிறவர்கள் இதைப் படிக்கலாம்.


தூக்கம்கெட்டவன்:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை வயிறு பிசைகிறதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றே தெரியவில்லை. சரி, அப்போது நான் தினமும் காவலாளியிடம் சண்டை போட வேண்டுமா? வேலை போனால் அதற்கும் பிபி ஏறுமே.


காதுகொடுப்பவள்:

சண்டை வேண்டாம். எதிர்த்துக் கேட்டவர்களுக்கு நல்லது நடந்தது என்றால், கத்தியதால் என்று அர்த்தமில்லை. தனக்குள் புதைக்காததுதான் விஷயம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அதே அலுவலகத்திலோ வேறு இடத்திலோ இதே நிலையில் இருக்கிற ஒருவர் போதும். "ஆமா, எனக்கும் நடந்தது" என்று அவர் சொல்லிவிட்டால் அந்த விசாரணை அங்கேயே முடிந்துவிடும், நீங்கள் பைத்தியமில்லை என்று தெரிந்துவிடும். என்ன நடந்தது, எந்தத் தேதி, யார் இருந்தார்கள் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். பிற்பாடு புகார் கொடுப்பதானால் உதவும், கொடுக்காவிட்டாலும் மண்டையிலிருந்து தாளுக்கு இறங்கும்.


இரவுப்பணி:

தம்பி, இதையெல்லாம் செய்யுங்கள், கூடவே மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஒழுங்காகப் போடுங்கள். காரணம் இனவெறியாக இருந்தாலும் நாளத்தை இடிப்பது அழுத்தம்தான், அதைக் குறைத்தே ஆக வேண்டும். வேலை மன அழுத்தம் பற்றி யாரும் கேட்கவில்லை என்றீர்கள். நீங்களே ஆரம்பியுங்கள், "வேலை இடத்தில் இப்படி நடக்கிறது, தூக்கம் வரவில்லை" என்று அதே வார்த்தையில் சொல்லிக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். வீட்டில் மேல்கை பிபி கருவி வைத்து, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு, காலை மாலை ஒரு வாரம் எடுத்துக்கொண்டு போங்கள்.

எங்கே, யார் சொல்கிறார்கள் என்பதும் பெரிய விஷயம். லாஸ் ஏஞ்சலஸில் கருப்பினத்தவர்கள் நடத்தும் முடிதிருத்தும் கடைகளில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2018இல் வெளியானது. பாதிக் கடைகளில் முடி வெட்டுபவரே பிபியைப் பற்றிப் பேசி, உணவையும் நடையையும் வலியுறுத்தி, டாக்டரைப் பாருங்கள் என்றார். ஆறு மாதத்தில் மேல் எண் 9 புள்ளி இறங்கியது. மீதிக் கடைகளில் மருந்தாளுநர் அங்கேயே வந்து உட்கார்ந்து, பிபி பார்த்து, மருத்துவரோடு பேசிவைத்து மாத்திரையும் எழுதினார். அங்கே 27 புள்ளி. அதே ஊர், அதே மாதிரி வாடிக்கையாளர்கள். தங்களை மதிக்கிற இடத்துக்கு மருந்து வந்தது, அவர்கள் போட்டுக்கொண்டார்கள்.


கணக்குப்பிள்ளை:

கலிபோர்னியா பிறப்புப் பதிவுக்கு என்னிடம் பதில் இல்லை, அதை ஏற்றுக்கொள்கிறேன். கேள்வித்தாள்மேல் இன்னும் சந்தேகம்தான். அந்த முடிதிருத்தும் கடைக் கதையில்கூட 27 புள்ளி இறக்கியது மாத்திரை, இனவெறி அங்கே குறையவில்லை.


இரவுப்பணி:

குறையவில்லை, வெளியே அப்படியேதான் இருந்தது. கடைக்குள் யாரும் அவர்களைச் சந்தேகமாகப் பார்க்கவில்லை, அதனால் மாத்திரை வயிற்றுக்குள் போனது. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான் சார்.


தூக்கம்கெட்டவன்:

24 மணிநேரக் கருவியை மறுபடி கேட்டு எழுதியிருக்கிறேன், இந்தத் தடவை விடுமுறை வாரத்தில் ஒன்று, வேலை வாரத்தில் ஒன்று. தருவார்களா தெரியாது. தந்தால் இரண்டு எண்களையும் இங்கேயே போடுகிறேன், கணக்குப்பிள்ளை சார் பார்த்துச் சொல்லட்டும்.